கார்ன் ஸ்னேக்: சுத்தமா, கலப்பா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. நியூ ஜெர்சியில் தொடங்கி ஃபுளோரிடா வரை காட்டிலும் வயலோரத்திலும் திரிவது, விஷமில்லாதது, எலி தின்பது. நம் பக்கம் வளர்ப்பவர் கைக்கு வரும்போது அது இரண்டு மூன்று கை மாறியிருக்கும். பாம்பு வந்து சேர்ந்துவிடும், அதன் பூர்வீகம் வந்து சேராது. "இது சுத்தமான கார்னா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா?" என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

மார்ஃபும் கலப்பும் ஒன்றுதானா?

இல்லை. மார்ஃப் என்பது ஒரே இனத்துக்குள் வரும் நிற, கோல வகை. வெள்ளையும் சிவப்புமாகக் கண் சிவந்து இருக்கும் அமெல், கறுப்பும் சாம்பலுமான அனெரி, வெளிறிய ஊதா சாயலில் வரும் லாவெண்டர் இவையெல்லாம் கார்ன் ஸ்னேக்குக்குள்ளேயே நடந்த மரபணு மாற்றங்கள். முதல் அமெல் 1953இல் வட கரோலினாவில் காட்டிலிருந்து பிடிபட்டது. அதன் நிறமின்மைக்குக் காரணம் ஓசிஏ2 என்ற மரபணுவில் விழுந்த ஒரு செருகல் என்பதை 2015இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். நிறம் எவ்வளவு வினோதமாக இருந்தாலும் தாயும் தகப்பனும் கார்ன் என்றால் குட்டியும் கார்ன்தான்.

கலப்பு என்பது இனம் தாண்டிய இணை. கார்னோடு கிங் ஸ்னேக், மில்க் ஸ்னேக், கோஃபர் ஸ்னேக், அல்லது அதற்கு நெருங்கிய உறவான எமோரி எலிப்பாம்பு சேர்ந்து பிறப்பது. பேரினமே வேறாக இருந்தாலும் இவற்றின் குட்டிகள் பெரும்பாலும் மலடாவதில்லை. கழுதையும் குதிரையும் சேர்ந்த கோவேறு கழுதையோடு கதை முடிந்துவிடும். இங்கே முடியாது, அடுத்த தலைமுறைக்கும் அதற்கடுத்த தலைமுறைக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

பார்த்தவுடன் "இது சுத்தம்" என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

கலப்பைக் கலப்பு என்று காட்டிவிடலாம். சுத்தத்தைத் தோற்றத்தை வைத்து நிரூபிக்க வழியில்லை. சந்தூர் பக்கம் நாற்றுப்பண்ணையில் மாங்கன்று வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒட்டுக்கன்றின் இலையைப் பார்த்து "இது நீலம் இல்லை" என்று பழகினவர் சொல்லிவிடுவார். "இது நீலம்தான்" என்று அடித்துச் சொல்ல, ஒட்டு எடுத்த தாய்மரம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். பாம்பிலும் அதே கணக்குதான். கீழே வரும் அடையாளங்கள் எல்லாம் சந்தேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும். சான்றிதழ் கொடுக்க உதவாது.

சரி, சாதாரணக் கார்ன் எப்படி இருக்கும்?

மார்ஃப் எதுவும் இல்லாத பாம்பை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு அல்லது பழுப்பு கலந்த தரை, அதன் மேல் முதுகு நெடுக செங்கல் சிவப்புத் திட்டுகள், ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கறுப்புக் கரை. தலையில் இரண்டு கண்களுக்கு நடுவே முடியும் ஒரு வேல்முனை. அதன் தண்டு பின்னால் போய் கழுத்துத் திட்டோடு சேர்ந்திருக்கும். கண்ணின் பின்னாலிருந்து வாயோரம் தாண்டி ஒரு பட்டை. வாலின் அடியில் நீளவாக்கில் இரண்டு கோடுகள்.

வயிறுதான் பேர் வாங்கிக் கொடுத்தது என்பார்கள்: வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள், சதுரங்கப் பலகை மாதிரி. நம்மூர் மக்காச்சோளம் ஒரே மஞ்சளாக இருப்பதால் இந்த ஒப்புமை நமக்குப் பிடிபடாது. அமெரிக்கப் பழங்குடியினரின் பலநிறச் சோளக் கதிரை நினைத்துக்கொள்ளுங்கள். சோளக் குதிரில் எலி தேடி வரும் பாம்பு என்பதால் வந்த பெயர் என்றும் சொல்கிறார்கள்.

உடல் வாகையும் கவனியுங்கள். கார்னைக் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்தால் ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும்: மேலே வளைவு, கீழே தட்டை, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு. மரப்பட்டையைப் பற்றி ஏற அந்த விளிம்பு வேண்டும். கிங் ஸ்னேக் அப்படியில்லை, ரப்பர் குழாய் மாதிரி உருண்டை. தலைக்கும் கழுத்துக்கும் வித்தியாசமும் கிங்கில் குறைவு. கையில் ஓடவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே இதைச் சொல்லிவிடலாம்.

உரித்த சட்டையை வைத்துச் சோதிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

செலவில்லாத சோதனை, பாம்புக்கும் தொந்தரவில்லை. முழுதாக உரிந்த சட்டை வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள், காகிதம் மாதிரி மொரமொரப்பாக இருந்தது துணி மாதிரி ஆகிவிடும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, நடுவயிற்றுத் தகடுகளின் நெடுக கத்தரியால் வெட்டித் திறந்து, அடியில் செல்போன் வெளிச்சத்தைக் காட்டுங்கள். கழிவாய்ப் பக்கம் மட்டும் கத்தரி வைக்க வேண்டாம், அங்கே பார்க்க வேண்டியது இருக்கிறது. சட்டை உள்பக்கம் வெளியாகத் திரும்பி வருவதை மறக்காதீர்கள். இடம் வலம் மாறித் தெரியும், செதிலின் மேடு பள்ளமாகத் தெரியும்.

முதலில் கழிவாய்க்கு மேலே உள்ள கடைசி வயிற்றுத் தகடு. கார்னில் அது சாய்வாக வெட்டுப்பட்டு இரண்டாக இருக்கும். கிங், மில்க், கோஃபர் மூன்றிலும் ஒற்றைத் தகடு. இதற்கும் கீழே வாலடியில் வரும் இரட்டை வரிசைச் செதில்கள் கிங்கிலும் உண்டு. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு "இரண்டாகத்தானே இருக்கிறது, கார்ன்தான்" என்று ஏமாறுவது வழக்கம். சட்டை அந்த இடத்தில் கிழிந்திருந்தால், ஒருவர் பாம்பைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் நேராகக் கீழிருந்து படம் எடுக்கலாம்.

அடுத்து செதில் வரிசை. மூக்கு நுனிக்கும் கழிவாய்க்கும் சரிபாதியில், வயிற்றுத் தகட்டை ஒட்டிய முதல் செதிலை 1 என்று வைத்து, சாய்வாக ஏறி முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கி எண்ணுங்கள். கார்னில் பெரும்பாலும் 27 வரும், 25 முதல் 29 வரை ஏற்றுக்கொள்ளலாம். கலிபோர்னியா கிங்கில் வழக்கமாக 23 முதல் 25. ஒரு தடவை எண்ணிவிட்டு முடிவு கட்டாதீர்கள், மூன்று இடத்தில் எண்ணுங்கள்.

மூன்றாவது, செதிலின் நடுமேடு. கார்னில் முதுகின் நடு வரிசைகளில் மட்டும் மெலிதாக இருக்கும், குட்டியில் கண்ணுக்கே படாது. கிங்கில் கிடையாது, வழவழவென்று மின்னும். கோஃபரில் விரலுக்கே சொரசொரப்பு தெரியும்.

கடைசியாகத் தலை. மேலுதட்டுச் செதில் கார்னில் ஒரு பக்கத்துக்கு 8, கிங்கில் பெரும்பாலும் 7. மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே உள்ள முன்நெற்றிச் செதில் கார்னில் 2, கோஃபரில் வழக்கமாக 4.

எல்லாம் கார்ன் மாதிரியே வந்துவிட்டால்? கிங் கலப்பு முதல் தலைமுறையாக இருக்கும் வாய்ப்பு குறைகிறது, அவ்வளவுதான். கலப்புக் குட்டிகளில் கழிவாய்த் தகடு ஒற்றையாகவும் வரும், இரட்டையாகவும் வரும், பாதி பிளந்தும் நிற்கும். எமோரி கலப்புக்கு இந்தச் சோதனை உதவவே உதவாது, ஏனென்றால் செதிலமைப்பில் எமோரியும் கார்னும் கிட்டத்தட்ட ஒன்று.

என் பாம்பின் வயிற்றில் கட்டமே இல்லை. கலப்பா?

அவசரப்படாதீர்கள். மாட்லி, ஸ்ட்ரைப் இரண்டு மார்ஃபும் முதுகுக் கோலத்தை மாற்றும்போதே வயிற்றுக் கட்டத்தையும் துடைத்துவிடும். பிளட்ரெட் என்கிற டிஃப்யூஸ்டு வகையிலும் வயிறு வெறுமையாகும், தலையில் இருக்கும் வேல்முனையும் உருமாறிப்போகும். அமெலில் கறுப்பே இல்லாததால் கட்டம் இருந்தும் வெள்ளைமேல் வெள்ளையாகக் கரைந்திருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் ஆரஞ்சுச் சாயலைத் தேடினால் கிடைக்கலாம்.

மார்ஃப் எதுவும் இல்லாத, சாதாரண முதுகுத் திட்டுள்ள பாம்பில் வயிறு மட்டும் வெறுமை என்றாலோ, முதுகுப் பட்டை வயிறு வரை இறங்கி வளையம் மாதிரி சுற்றினாலோ அப்போது சந்தேகப்படுங்கள். வளையம் கிங், மில்க் வகையறாவின் பழக்கம்.

ஜங்கிள் கார்ன் என்றால் என்ன?

கார்னும் கலிபோர்னியா கிங்கும் சேர்ந்தது. முதல் தலைமுறையில் அடையாளம் காண்பது சுலபம்: உருண்டை உடல், கழுத்து தெரியாத தலை, அதீத மினுமினுப்பு, வேல்முனை உடைந்து புள்ளியும் கீற்றுமாகச் சிதறிய தலைக்கோலம், முதுகுத் திட்டுகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்து ஏணி மாதிரியோ சங்கிலி மாதிரியோ ஆகியிருக்கும். அழகான பாம்புதான், மறுக்க முடியாது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்த ஜங்கிளை மறுபடி ஒரு சுத்தக் கார்னோடு சேர்த்தால் பிறப்பதில் கிங் ரத்தம் கால்பங்கு. அதையும் கார்னோடு சேர்த்தால் அரைக்கால். அந்தக் குட்டிகளில் பல, வரிசையில் வைத்தால் யாரும் பொறுக்கி எடுக்க முடியாத கார்ன்களாக இருக்கும். அவற்றைத்தான் யாரோ ஒருவர் கலப்பு என்று சொல்லாமல் "விசேஷ லைன்" என்று விற்றிருப்பார்.

கிரீம்சிகிள், ரூட்பியர் என்ற பெயர்களில் வருவதெல்லாம்?

இவைதான் உண்மையிலேயே தலைவலி. இரண்டும் கார்னும் எமோரி எலிப்பாம்பும் சேர்ந்தவை. அமெல் மரபணு சேர்ந்து கறுப்பில்லாமல் வந்தால் கிரீம்சிகிள், சேராமல் பழுப்பாக வந்தால் ரூட்பியர்.

எமோரி ஒரு காலத்தில் கார்னின் உட்பிரிவாகவே கருதப்பட்டது. 2002இல் வந்த வகைப்பாட்டு ஆய்வு கார்ன், எமோரி, லூசியானா பக்கத்து ஸ்லோவின்ஸ்கி என்று மூன்று தனி இனங்களாகப் பிரித்தது. இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதால் வேல்முனை, வாலடிக் கோடு, இரட்டைத் தகடு எல்லாமே எமோரியிலும் இருக்கும். நிறமும் திட்டும்தான் பிடி. எமோரியில் சிவப்பே கிடையாது, சாம்பல் தரையில் பழுப்புத் திட்டு. திட்டுகள் சிறியவை, எண்ணிக்கையில் கூடுதல். ஆகவே கிரீம்சிகிளில் அமெலுக்குரிய ரத்தச் சிவப்பு வராமல் மஞ்சள் கலந்த வெளிர் ஆரஞ்சாக, பழுத்த பப்பாளிச் சதை மாதிரி நிற்கும்.

இன்னொரு குறிப்பு பொரிக்கும்போது கிடைக்கும். சுத்தக் கார்ன் குட்டி 20 முதல் 30 சென்டிமீட்டர், எடை 6 முதல் 8 கிராம் இருக்கும். எமோரி குறைந்த எண்ணிக்கையில் பெரிய முட்டை இடும் பாம்பு. அந்த ரத்தம் உள்ள குட்டிகள் கொழுகொழுவென்று பிறந்து முதல் பிங்கியையே (ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு) யோசிக்காமல் விழுங்கும். கார்ன் குட்டிகளில் சிலது பல்லி வாசம் இல்லாமல் வாயே திறக்காது. குட்டி நன்றாகத் தின்கிறது என்பதற்காகக் கலப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேண்டிகேன் என்று வெள்ளைத் தரையில் சிவப்புத் திட்டோடு விற்கப்படுவதிலும் கவனம் வேண்டும். அது சுத்தக் கார்னிலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கக்கூடிய வகைதான். ஆனால் தரை வெள்ளையாக வேண்டும் என்று சில வம்ச வரிசைகளில் எமோரியைச் சேர்த்ததுண்டு.

அனெரியையும் எமோரியையும் எப்படிப் பிரிப்பது?

வளர்ந்த பாம்பு என்றால் தொண்டையைப் பாருங்கள். அனெரிக் கார்னுக்கு வயது ஏற ஏறக் கழுத்தோரம் மஞ்சள் படரும், திட்டின் கரை கறுப்பாக அழுத்தமாக இருக்கும். எமோரியில் மொத்தமும் மண்ணும் சாம்பலும். குட்டியில் இதை வைத்துச் சொல்வது கஷ்டம்.

அல்ட்ராமெல், ஸ்கேல்லெஸ், டெஸ்ஸரா இவை சுத்தமா?

மூன்றுக்கும் மூன்று பதில்.

அல்ட்ரா மரபணு சாம்பல் எலிப்பாம்போடு நடந்த பழைய கலப்பு வழியாகக் கார்னுக்குள் வந்தது என்பதே வளர்ப்பவர்களிடையே பொதுவான கருத்து. அது அமெல் உட்காரும் அதே இடத்தில் உட்காரும். ஒரு பக்கம் அல்ட்ரா, ஒரு பக்கம் அமெல் இருந்தால் அல்ட்ராமெல். இரண்டு அல்ட்ராமெல்லைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அமெல், இரண்டு அல்ட்ராமெல், ஒன்று அல்ட்ரா. கண் பளிச்சென்ற சிவப்பாக இல்லாமல் கறுப்பு திராட்சை நிறத்தில் இருப்பது அடையாளம். பல தலைமுறை கார்னோடு சேர்ந்து வந்ததால் பலர் இதைக் கார்ன் என்றே விற்கிறார்கள். சுத்தம் பார்க்கிறவர் ஒதுக்கிவிடலாம்.

ஸ்கேல்லெஸ் பற்றி வாதமே இல்லை. முதல் செதிலற்ற கார்ன்கள் வேறு எலிப்பாம்புக் கலப்பிலிருந்து வந்தவை.

டெஸ்ஸராவில்தான் சண்டை. முதுகில் ஒரு நீளக் கோடு, பக்கங்களில் சிதறிய கட்டம். ஒரு பெற்றோரிடம் இருந்தாலே குட்டிக்கு வரும். கோலம் கலிபோர்னியா கிங்கை நினைவூட்டுவதால் கலப்பு என்று ஒரு தரப்பு சொல்கிறது, உடலும் தலையும் செதிலும் கார்னாகவே இருக்கிறதே என்று மறுதரப்பு. எங்கள் ஆலோசனை: சுத்தம் என்ற பெயரில் வரிசை நடத்த விரும்பினால் டெஸ்ஸராவை அதற்குள் கொண்டுவராதீர்கள், தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சினாகார்ன், டர்போ கார்ன்?

சினாகார்ன் சினலோவா மில்க் ஸ்னேக்கோடு சேர்ந்தது, அகலச் சிவப்புப் பட்டைகள் காட்டிக்கொடுக்கும். டர்போ கோஃபர் வகையோடு சேர்ந்தது. சொரசொரச் செதில், கூரிய மூக்கு, கிட்டே போனால் குக்கர் விசில் மாதிரி ஒரு சீறல். இரண்டையும் முதல் தலைமுறையில் தவறவிட மாட்டீர்கள்.

எத்தனை தலைமுறை கழித்துக் கலப்பு "கழுவப்படும்"?

கணக்கு எளிது. முதல் கலப்பில் 50 சதவீதம். சுத்தக் கார்னோடு திரும்பச் சேர்த்தால் சராசரி 25, அடுத்து 12.5, அடுத்து 6.25. சராசரி என்பதைக் கவனியுங்கள், ஒரே ஈட்டுக் குட்டிகளில் ஒன்றுக்குக் கூடவும் ஒன்றுக்குக் குறையவும் போகும். 6 சதவீதத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் பூஜ்யம் ஆவதில்லை.

டி.என்.ஏ. சோதனையில் தெரிந்துவிடாதா?

சட்டையை அனுப்பி மார்ஃப் மரபணுக்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன. அவை சொல்வது "அமெல் ஒளிந்திருக்கிறதா" என்ற மாதிரிக் கேள்விக்கான பதில். இனக் கலப்பு வேறு கேள்வி. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் தாய்வழிதான் தெரியும். தகப்பன் கிங்காக இருந்து தாய் கார்னாக இருந்தால் அறிக்கை "கார்ன்" என்றே வரும். உட்கருவில் உள்ள பல குறியிடங்களை, இரண்டு இனத்தின் நம்பகமான மாதிரிகளோடு ஒப்பிட்டால்தான் கலப்பு புலப்படும். அது ஆராய்ச்சிக்கூட வேலை. ஒரு பாம்புக்காகச் செய்யும் செலவில்லை.

இணைசேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா?

ஓரளவு. சந்தேகப் பாம்பின் குட்டிகளை அண்ணன் தங்கையாகச் சேர்த்தால், பின்னால் எங்கோ கிங் இருந்திருந்தால் அடுத்த ஈட்டில் கோலம் கண்டபடி பிரியும்: ஒன்று பட்டை, ஒன்று கோடு, ஒன்று திட்டு, ஒன்று உருண்டை உடல். ஆனால் பெண் பாம்பு இணைக்குத் தயாராக வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் அளவு 3 வயது, 3 அடி, 300 கிராம். இரண்டு தலைமுறைக்கு 6 ஆண்டு போய்விடும். அத்தனை குட்டிக்கும் இடம், எலி, பொறுப்பு யார் ஏற்பது? ஒரு சந்தேகத்தைத் தீர்க்க முப்பது சந்தேகக் குட்டிகளை ஊருக்குள் விடுவதாகத்தான் முடியும்.

குட்டிகளின் கோலம் தாறுமாறாக வந்திருக்கிறது. தாய் கலப்பாக இருக்குமோ?

முதலில் முட்டை எந்தச் சூட்டில் இருந்தது என்று பாருங்கள். கார்ன் முட்டைக்கு 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், ஏறக்குறைய 60 நாள். சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாடி அறை சாதாரணமாக 35ஐத் தாண்டும். அடைகாக்கும் பெட்டியில் சூடேற்ற வழி இருக்கும், குளிர்விக்க இருக்காது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். அதிகச் சூட்டில் வளர்ந்த கருவுக்குத் திட்டுகள் உடைந்து ஒட்டிக்கொள்ளும், முதுகெலும்பில் முடிச்சு விழும், முட்டையிலேயே சாவதும் உண்டு. கோலக் கோளாறோடு முதுகு வளைவும் சேர்ந்து வந்தால் சூட்டின்மேல் பழி போடுங்கள், தாயின்மேல் வேண்டாம். முட்டைப் பெட்டியைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, தரைத்தள அறையில், உறைந்த தண்ணீர் பாட்டிலை முட்டையைத் தொடாமல் மாற்றி மாற்றி வைத்தால் 29க்குள் நிறுத்தலாம். ஓசூரில் வேறு பிரச்சினை: மார்கழி இரவில் சூடு குறைந்துவிடும், அங்கே ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் கட்டாயம்.

வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

தாய், தகப்பன் இரண்டின் படம்: மேலிருந்து ஒன்று, தலை ஒன்று, வயிறு ஒன்று. பொரித்த தேதி. அதே ஈட்டுக் குட்டிகளின் படம். ஒரே ஒரு "அழகான" குட்டியைக் காட்டுவதைவிட மொத்த ஈட்டைப் பார்ப்பது பத்து மடங்கு பேசும். தாய் தகப்பன் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு படியாவது பின்னால் போக முடிய வேண்டும். படங்களைப் பகல் வெளிச்சத்தில் கேளுங்கள், மஞ்சள் பல்புக்கு அடியில் எல்லாக் கார்னும் ஒக்கீட்டிதான்.

ஒக்கீட்டி என்றதும் ஒரு வார்த்தை. தென் கரோலினாவின் ஜாஸ்பர் கவுண்டியில் உள்ள வேட்டை நிலத்தின் பெயர் அது. அங்கிருந்து வந்த வம்சத்தை மட்டும் சிலர் அப்படி அழைப்பார்கள். அதே மாதிரி தடித்த கறுப்புக் கரையும் பளீர் ஆரஞ்சும் உள்ள எதையும் அப்படி அழைப்பவர்களும் உண்டு. விற்பவர் எதைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் "தெரியாது" என்றால் அது நேர்மையான பதில், அந்தப் பாம்பைச் செல்லமாக வளர்க்கத் தாராளமாக வாங்கலாம். "நூறு சதவீதம் சுத்தம், ஆனால் பெற்றோர் படம் இல்லை" என்ற பதில்தான் ஆபத்து.

நம்மூரில் சாரையும் நல்லபாம்பும் பிணைகிறதே, அதுவும் கலப்புத்தானே?

அது நடப்பதில்லை. சாரைதான் ஆண், நல்லபாம்புதான் பெண் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். இரண்டிலும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வரப்பில் இரண்டு பாம்பு முறுக்கிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். கார்னும் கிங்கும் அப்படியில்லை, ஒரே குடும்பத்துக்குள் நெருங்கிய கிளைகள்.

கலப்பை வளர்ப்பது தப்பா?

இல்லை. எழுதி ஒட்டாமல் விற்பதுதான் தப்பு. வளர்ப்பில் ஒரே ஒரு வித்தியாசம்: கிங் ஸ்னேக் மற்ற பாம்பைத் தின்னும் இனம். அந்த ரத்தம் உள்ளதை எதோடும் ஒரே பெட்டியில் விடாதீர்கள், இணைசேர்க்கும்போதும் கண் எடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள். சுத்தக் கார்னைத் தனித்தனியாக வைப்பதும் நல்லதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு எல்லாம் இதில் அடக்கம். வெளிநாட்டு உயிர்களில் சைட்டிஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளவற்றை 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பு அதில் வரும், கார்ன் ஸ்னேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. அதற்காக எப்படி வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று அர்த்தமில்லை, இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து சென்னை, பெங்களூரு விமான நிலையங்களில் மாட்டுவது அடிக்கடி செய்தியில் வருகிறது. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், சந்தேகம் இருந்தால் ஓசூர் அல்லது தர்மபுரி வனக்கோட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

வேண்டாமென்று வெளியே விடுவது சுத்தமோ கலப்போ கூடவே கூடாது. கரீபியன் தீவுகள் சிலவற்றில் இப்படித் தப்பிய கார்ன் அங்கேயே குடியேறிவிட்டது.

தோட்டத்தில் கார்ன் மாதிரியே ஒன்று கிடக்கிறது. யாருடையதோ தப்பி வந்திருக்குமா?

தொடாதீர்கள். பழுப்புத் திட்டைச் சுற்றிக் கறுப்புக் கரை என்றால் நம் மாந்தோப்பிலும் ராகிக் கொல்லையிலும் அது கண்ணாடி விரியனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குட்டையான தடித்த உடம்பு, முக்கோணத் தலை, செங்குத்துக் கண்மணி என்று வித்தியாசங்கள் உண்டு. அதைச் சரிபார்க்கக் கிட்டே போவதுதான் கடி வாங்கும் வழி. தூரத்தில் நின்று கண் வைத்துக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

விற்கும்போது பெட்டியில் என்ன எழுத வேண்டும்?

தெரிந்ததை மட்டும். மாதிரிக்கு: "கார்ன் × கலிபோர்னியா கிங், முதல் கலப்பு, ஆண், பொரித்தது 12 ஜூன், தாய் அமெல் கார்ன்." பூர்வீகம் தெரியாத பாம்பானால்: "கார்ன் தோற்றம், பெற்றோர் தெரியாது, அனெரி, பெண்." வாங்குகிறவர் அதை அப்படியே அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, கூடவே பெற்றோர் படத்தையும் ஒரு முழுச் சட்டையையும் உலரவைத்து ஜிப் கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.